பி.எச்.சி. திறந்துதானே இருந்தது, அப்புறம் என்ன குறை?

3 ஜூன் 2025
தொண்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியது: "கொரோனா திரும்பவும் ஏறுகிறது என்று பேச்சு வந்ததுமே பழைய புலம்பல் ஆரம்பித்துவிட்டது. 2020-ல் நம் கடற்கரையில் எந்த ஆரம்ப சுகாதார நிலையமும் (பி.எச்.சி.) பூட்டிக் கிடந்ததாக எனக்கு நினைவில்லை. பிரசவம் நடந்தது, பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். பிறகு எதை வைத்துத் தாய் சேய் நலம் கெட்டுப்போனது என்கிறீர்கள்? ஆதாரம் இருந்தால் சொல்லுங்கள்."

3 ஜூன், இரவு
கதவு திறந்திருந்தது. அதில் சண்டை இல்லை. பிள்ளைத்தாச்சி அந்தக் கதவு வரைக்கும் எதில் போனாள், போனபோது உள்ளே அவளைத் தெரிந்த நர்சம்மா (கிராம சுகாதார செவிலியர்) இருந்தாரா, இந்த இரண்டையும்தான் நான் கேட்கிறேன்.

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஊரடங்கில் திறக்க விட்ட கடைகளில் எங்களுடையதும் ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது யார் என்று டாக்டரைவிட எங்களுக்கு முன்னாடி தெரியும். போகாதவர்கள் எல்லாம் கல்லாவுக்கு எதிரில்தானே வந்து நிற்பார்கள்.

5 ஜூன்
ஆதாரம் கேட்டார் இல்லையா, இரண்டு வகை இருக்கிறது. கணக்குப் போட்டு ஊகித்தது ஒன்று, எண்ணிப் பார்த்தது ஒன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் சண்டை போடுகிறார்கள்.

ஊகித்தது: 2020 மே மாதம் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆட்கள் போட்ட கணக்கு. 118 ஏழை, நடுத்தர நாடுகளில் ஆறு மாதம் இந்தச் சேவைகள் குறைந்தால், எவ்வளவு குறைகிறது என்பதைப் பொறுத்து, ஐந்து வயதுக்குள்ளான குழந்தைகள் கூடுதலாக 2,53,500 முதல் 11,57,000 வரை, தாய்மார்கள் 12,200 முதல் 56,700 வரை இறக்கலாம் என்றார்கள். இது நடந்த சாவு எண்ணிக்கை இல்லை, முன்கூட்டிய எச்சரிக்கை. வாட்ஸாப்பில் இதையே 'இறந்துபோனார்கள்' என்று சுற்றவிட்டதை நானே பார்த்தேன்.

எண்ணிப் பார்த்தது: நேபாளத்தில் ஒன்பது ஆஸ்பத்திரிகள். ஊரடங்கில் அங்கே வந்து பெற்றவர்கள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துபோனது. வயிற்றிலேயே இறந்து பிறந்தவை ஆயிரத்துக்கு 14 ஆக இருந்தது 21 ஆனது. ஆஸ்பத்திரிகளை யாரும் மூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தடுப்பூசியில் நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்வதன்படி, தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னிக்கான டிபிடி ஊசியில் முதலாவதுகூடப் போடாத குழந்தைகள் இந்தியாவில் 2019-ல் சுமார் 14 லட்சம், 2020-ல் சுமார் 30 லட்சம். 2022-ல் 11 லட்சம் அளவுக்கு இறங்கியது. ஆக, விட்டதைப் பிடிக்க முடியும். ஆனால் விட்டுப்போனது நிஜம்.

6 ஜூன்
"நேபாளம் மலை நாடு, தமிழ்நாட்டில் தாய் மரணம் லட்சம் பிறப்புக்கு வெறும் 54, இந்தியாவுக்கே 97" என்று அவரே பதில் போட்டிருக்கிறார். எண் சரிதான். ஆனால் அது 2018-லிருந்து 2020 வரை மூன்று வருடத்தைச் சேர்த்து எடுத்த சராசரி. மாநிலம் முழுக்க, மூன்று வருடம். அதற்குள் ஒரு கடற்கரை ஒன்றியத்தின் ஏப்ரல், மே இரண்டு மாதம் எங்கே தெரியப்போகிறது? நமக்கு 54 வந்ததே ராத்திரியும் திறந்திருக்கும் பி.எச்.சி., மூன்று நர்ஸ், 108, செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாகக் கோத்துக் கட்டியதால்தான். ஒன்றை உருவினால் இழப்பதற்கு நம்மிடம்தான் அதிகம் இருக்கிறது.

9 ஜூன்
சரி, பேச்சு எண்களிலேயே நிற்க வேண்டாம். கடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

2020 மே. கடை முன்னால் கயிறு கட்டி, ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்திருந்தோம். சீட்டையும் பணத்தையும் கூடையில் போட வேண்டும், மருந்தும் அதே கூடையில் போகும். ஒரு பெண் வந்தாள். எட்டு மாதம் இருக்கும். சீட்டு இல்லை. "அண்ணே, தலைவலி மாத்திரை ஒண்ணு குடுங்க" என்றாள். கூட வந்த மாமியார், "வெயில்ல நடந்து வந்தது, வேற ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். செருப்பின் வார் காலில் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது, அவ்வளவு வீக்கம். கொரோனா கிடக்கட்டும் என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, கடையில் விற்க வைத்திருந்த பிரஷர் மிஷினைப் பிரித்துக் கட்டினேன். 150/100. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு கையில் பார்த்தேன், ஏறக்குறைய அதேதான். கர்ப்பிணிக்கு 140/90 தாண்டினாலே உடனே டாக்டர் பார்க்க வேண்டும். தலைவலியும் சேர்ந்திருந்தால் வலிப்பில் கொண்டுபோய் விடலாம். மாத்திரை கொடுத்து அனுப்பும் வேலை இல்லை அது.

கடைசியாகப் பரிசோதனைக்கு எப்போது போனாய் என்று கேட்டேன். பங்குனியில் போனதாம். அதற்கப்புறம் பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. வீட்டுக்காரர் விசைப்படகில் கூலி. முதலில் ஊரடங்கு, அதை ஒட்டியே மீன்பிடித் தடைக்காலம். அந்த வருடம் தடையை 61 நாளிலிருந்து 47 ஆகக் குறைத்தார்கள் என்றாலும் கையில் காசு இல்லை. வாடகைக்கார் கேட்ட தொகைக்கு ஒரு மாத அரிசி வாங்கிவிடலாம்.

நர்சம்மாவுக்குப் போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார். தொற்று வந்ததால் தகரம் அடித்து அடைத்த ஒரு தெருவில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும், "அவளா? ரெண்டாவது மாசமே எனக்கு அவ மேல ஒரு கண்ணு. முதப் பிள்ளைக்கும் பிரஷர் இருந்துச்சு" என்றார். அங்கிருந்தபடியே 108-க்குப் பேசி, ராமநாதபுரத்தில் தலைமை ஆஸ்பத்திரிக்கும் சொல்லி வைத்தார். அன்றைக்கே சேர்த்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிள்ளை எடை குறைச்சல்.

பி.எச்.சி. அன்றைக்கும் திறந்துதான் இருந்தது.

10 ஜூன்
முந்தின குறிப்பில் கவனிக்க வேண்டியது பிரஷர் மிஷினும் இல்லை, என் புத்திசாலித்தனமும் இல்லை. பெயரைக் கேட்டதும் முதல் பிள்ளையின் கதை ஞாபகம் வந்ததே, அதுதான். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஐயாயிரம் சனம். அதில் யார் எத்தனை மாதம், யாருக்கு ரத்தம் கம்மி, யார் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்காமல் பரணில் போட்டு வைக்கிறாள் எல்லாம் அந்த அம்மாவின் தலைக்குள் இருக்கிறது. அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காய்ச்சல் மிஷினைக் கையில் கொடுத்து நிற்க வைத்தால், சம்பளப் பட்டியலில் ஆள் இருக்கிறது, சேவை இல்லை.

11 ஜூன்
வேதாளைக்காரர் ஒருவர் மடக்குகிறார்: "நர்சம்மா போனதால்தான் எங்கள் தெருவில் கதவைத் திறந்தார்கள். தெரியாத ஆள் வந்திருந்தால் காய்ச்சலை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்."

நியாயம்தான். பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அப்போது எல்லாருக்கும் இருந்தது. அப்படியானால் நான் சொன்னதைக் கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன்: முகம் காட்ட அவர் போகட்டும். கணக்கு எழுதுவது, சூடு பார்ப்பது, சாயங்காலம் ஐந்து மணிக்குள் எண்களை மேலே அனுப்புவது, இதையெல்லாம் வேறு யாராவது செய்யட்டும். வேலை இல்லாமல் இருந்த படித்த பையன்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு. இந்த இரண்டு நாளும் என்ன தலை போகிற வேலை என்றாலும் நர்சம்மாவைத் தொடக்கூடாது என்று எழுத்தில் ஒரு உத்தரவு போதும்.

11 ஜூன், பிறகு
போனிலேயே எல்லாம் பார்த்துக்கொள்ளலாமே என்கிறார் இன்னொருவர். 2020-ல் வீட்டிலிருந்தே போனில் டாக்டரைப் பார்க்க இ-சஞ்சீவனி வந்தது, நல்ல ஏற்பாடு. சர்க்கரைக்காரர்களுக்கு உபயோகமாக இருந்தது. ஆனால் போன் வழியாகப் பிரஷர் பட்டையைக் கட்ட முடியாதே. சிறுநீரில் புரதம், ரத்தத்தில் ஹீமோகுளோபின், பிள்ளையின் இதயத்துடிப்பு எல்லாவற்றுக்கும் ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

14 ஜூன்
சத்துமாவுதான் வீட்டுக்கே வந்ததே என்று கேட்டவருக்கு: அங்கன்வாடி மூடியதும் மாவையும் முட்டையையும் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கன்வாடியில் உட்கார்ந்து சாப்பிட்டால் அது பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். வீட்டுக்கு வந்தால் பானைக்குப் போகும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மருமகளுக்கு வந்த சத்துமாவைக் கொழுக்கட்டை பிடிக்கச் சொல்லி டீயோடு சாப்பிட்டு நன்றாகத் தேறிவிட்டார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

சிரிப்பு இருக்கட்டும். சோறு நின்றதைவிட எடை பார்ப்பது நின்றது எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிள்ளை மெலிவது பெற்றவள் கண்ணுக்குத் தெரியாது, தினமும் பார்ப்பதால். தராசுக்குத்தான் தெரியும். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் அங்கன்வாடிகளைத் திறக்கும் பேச்சே வேகம் பிடித்தது. அதற்குள் பாசி எடுக்கப் போகும் அம்மாக்களோடு கரையிலேயே பிள்ளைகள் பத்து மாதம் திரிந்துவிட்டன.

15 ஜூன்
பெரியவர் நலமாக இருக்கிறார். நிறையப் பேர் விசாரித்துவிட்டீர்கள்.

21 ஜூன்
"இடைவெளி விட்டு ஊசி போட வேண்டியதுதானே, அதில் என்ன கஷ்டம்?" என்ற கேள்விக்கு.

கஷ்டம் குப்பியில் இருக்கிறது. பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), தட்டம்மை-ரூபெல்லா இரண்டும் பொடியாக வரும். கரைக்கும் நீரைக் கலந்துவிட்டால் 4 மணி நேரம்தான், அதற்கப்புறம் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கு மருந்து இருக்கும். அதனால் நர்சம்மாக்கள் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துத்தான் குப்பியை உடைப்பார்கள். கூட்டம் சேரக் கூடாது என்றதும் இந்தக் கணக்கு இடித்தது. எங்கள் பக்கத்து நர்சம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: மொத்தப் பிள்ளைகளையும் ஒரே காலையில் வரச் சொல்வார், ஆனால் தெரு வாரியாக அரை மணிக்கு ஒரு தெரு. காத்திருப்பது வேப்பமரத்தடியில், ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காருவது பள்ளிக்கூடத் திண்ணையில். குப்பியும் வீணாகாது, கூட்டமும் இல்லை. இதை எந்தச் சுற்றறிக்கையிலும் நான் படிக்கவில்லை.

பெண்டா (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), போலியோ சொட்டு மருந்துக்கு இந்தத் தொல்லை இல்லை. திறந்த குப்பியை, குளிர் கெடாமல், விதிப்படி வைத்திருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம்.

22 ஜூன்
இன்னொன்று விட்டுப்போனது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய் என்று எல்லாருக்கும் தெரியும், அதில் 14,000 பணம், மிச்சம் ஊட்டச்சத்துப் பெட்டகம். தவணைகள் பதிவோடும் பரிசோதனையோடும் பிள்ளையின் ஊசிகளோடும் கட்டப்பட்டவை. சாதாரண நாளில் அது நல்ல யோசனை, பணத்துக்காகவாவது வருவார்கள். ஊரடங்கில் அதுவே திரும்பிக் குத்தியது: ஊசி தள்ளிப்போனால் பணமும் தள்ளிப்போகும். எந்த மாதம் வீட்டில் காசே இல்லையோ அந்த மாதம் பார்த்து. அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் நிபந்தனையை ஆறு மாதம் நிறுத்தி வைத்துவிட்டுப் பணத்தை முதலில் போட வேண்டும்.

2 ஜூலை
கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா எழுதியிருக்கிறார்: "நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நோயைவிட ஊரடங்குதான் கெடுதல் செய்தது போல இருக்கிறது. என் தங்கச்சி 2021-ல் ஏழு மாதத்தில் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்தவள்."

இதைப் படித்துவிட்டு நேற்று பூராவும் பதில் எழுதவில்லை. அவர் சொல்வது முக்கியமானது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2021 ஜூனில் வெளியிட்ட கணக்கு: கொரோனா வந்த கர்ப்பிணிகளிலும் பிள்ளை பெற்றவர்களிலும் இறந்தவர்கள் முதல் அலையில் 0.7 விழுக்காடு, இரண்டாம் அலையில் 5.7. எட்டு மடங்கு. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது 2021 ஜூலை 2. அதற்குள் அலை இறங்க ஆரம்பித்துவிட்டது. ஆகவே 2020 ஏப்ரல் பற்றி நான் சொன்னது வேறு, 2021 மே வேறு. முதல் அலையில் எங்கள் கரையில் போக்குவரத்தும் பயமும் முதல் எதிரி. இரண்டாவதில் நோயே எதிரி. அப்போது ஆக்சிஜன் படுக்கையில் ஒரு பங்கு கர்ப்பிணிக்கு என்று ஒதுக்கியிருக்க வேண்டும். தடுப்பூசி வரிசையிலும் அவர்களைக் கடைசியில் நிறுத்தியிருக்கக் கூடாது. இதுவும் தாய் சேய் நலச் சேவைதான்.

3 ஜூலை
பிரசவத்துக்கு வந்தவளிடம் கொரோனா பரிசோதனை ரிசல்ட் கேட்டது பற்றி நிறையப் பேர் கொதித்திருக்கிறீர்கள். எங்கள் சொந்தத்திலேயே நடந்தது. ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம், வலி எடுத்து வந்தவளை ரிசல்ட் கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவோம் என்று வாசலில் வண்டியிலேயே வைத்திருந்தது. 2020 மே மாதமே ஐசிஎம்ஆர் தெளிவாகச் சொல்லியிருந்தது: பரிசோதனை இல்லை என்ற காரணத்துக்காகப் பிரசவம் உள்பட எந்த அவசரச் சிகிச்சையையும் தாமதிக்கக் கூடாது, சாம்பிளை எடுத்து அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள் என்று. அந்தக் காகிதம் எங்கள் கையில் இல்லை. இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் காவலாளியிடம் படித்துக் காட்டியிருப்போமா தெரியாது. அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

12 ஜூலை
டப்பா பால். மருந்துக்கடைக்காரன் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், பரவாயில்லை.

தாய்க்குத் தொற்று என்றதும் பிள்ளையைப் பிரித்து வேறு அறையில் வைத்துப் பால் பவுடர் வாங்க ஓடி வந்தார்கள். முகக்கவசம் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தாய்ப்பாலே கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லியது. எங்கள் பக்கம் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கிணறு உப்பு. குடிதண்ணீரைத் தள்ளுவண்டியில் குடம் குடமாகக் கொண்டுவர வேண்டும், இல்லை லாரித் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்து, பாட்டிலைக் கொதிக்க வைத்து, சரியான அளவில் பவுடர் போட்டு, இரண்டு மணிக்கு ஒரு தரம். எத்தனை வீட்டில் நடக்கும்? டப்பா சீக்கிரம் தீரக் கூடாது என்று ஒரு கரண்டியைக் குறைப்பார்கள், பிள்ளை அழும், வயிற்றாலே போகும். வந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் அடுத்த கடைக்குப் போய் வாங்கிக்கொண்டார்கள்.

20 ஜூலை
யாரும் கேட்காத ஒன்று, நானே சொல்கிறேன். அந்த நாட்களில் கல்லாவில் அதிகம் கேட்டது பாராசிட்டமாலுக்கு அடுத்து கர்ப்பம் பார்க்கும் அட்டை. அவசரமில்லாதது என்ற பட்டியலில் குடும்பக் கட்டுப்பாட்டைப் போட்டுவிட்டார்கள். காப்பர்-டி போட நர்சம்மா வேண்டும், மூன்று மாத ஊசி போடவும் நர்சம்மா வேண்டும், ஆபரேஷன் தள்ளிப்போனது, இலவச மாத்திரை துணை நிலையத்தில் இருக்கிறது, அது தகரத்துக்கு அந்தப் பக்கம். புருஷன்காரன் மாதக் கணக்காக வீட்டில். அப்புறம் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கலைக்கும் மாத்திரை கேட்டு வந்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது, கொடுக்கவும் மாட்டேன். ஏற்கெனவே ஹீமோகுளோபின் ஏழு, எட்டு என்று இருக்கும் பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் போனால் ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும். ஆனால் 'தர மாட்டேன்' என்று சொல்லிவிட்டு அவளை எங்கே அனுப்புவது என்பதற்கு அந்த இரண்டு மாதம் என்னிடம் பதில் இல்லை. கர்ப்பத்தடை அவசரமில்லாதது என்று முடிவெடுத்தவர்கள் அநேகமாக ஆண்கள்.

21 ஜூலை
ஆண்கள் என்று சொன்னதற்குக் கோபப்பட்டவர்களுக்கு: நானும் ஆண்தான்.

29 ஜூலை
தடுப்பூசி இடையில் விட்டுப்போன பிள்ளைக்கு முதலிலிருந்து போட வேண்டுமா என்று இன்னும் கேட்கிறார்கள். வேண்டாம். எங்கே நின்றதோ அங்கிருந்து தொடர வேண்டும். பெண்டா முதல் ஊசி போட்டு மூன்று மாதம் ஆகிவிட்டதா, அடுத்தது இரண்டாவது ஊசிதான். அதற்கப்புறம் குறைந்தது நான்கு வாரம் விட்டு மூன்றாவது. தட்டம்மை-ரூபெல்லா ஒன்பது மாதத்தில் விட்டிருந்தால் ஐந்து வயது வரை போடலாம், ஆனால் அவ்வளவு நாள் தள்ளாதீர்கள். கூட்டமாக வாழும் இடத்தில் முதலில் கிளம்புவது தட்டம்மைதான். காங்கோவில் 2018-ல் தொடங்கிய எபோலாவில் சுமார் 2,300 பேர் இறந்தார்கள், அதே காலத்தில் அங்கே பரவிய தட்டம்மையில் 6,000 பேருக்கு மேல். எல்லாரும் எபோலாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

3 ஆகஸ்ட்
பெரியபட்டினத்து அண்ணன் கேட்டது: மகள் திருப்பூரில் இருக்கிறாள், எட்டாவது மாதம், தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வருகிறோம், நோய் நொடி ஏதாவது கிளம்பினால் என்ன முன்னேற்பாடு?

பிக்மி எண்ணை (கர்ப்பத்தை அரசுப் பதிவில் சேர்க்கும்போது தரும் எண்) போனிலும் ஒரு காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் அங்கே பார்த்தது எல்லாம் இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும், பிறப்புச் சான்றிதழுக்கும் அதுதான் வேண்டும். தாய் சேய் அட்டை, ஸ்கேன், ரத்த குரூப் சீட்டு ஒரே பையில். மாத்திரை ஒரு மாதத்துக்குக் கூடுதலாக. வந்து இறங்கிய வாரமே உங்கள் ஊர் நர்சம்மாவிடம் மகளை நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள், போனில் சொன்னால் போதாது. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, ரத்தம் படுவது, பிள்ளை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். சொந்த வண்டிக்காரர் இருவரிடம் முன்னாடியே பேசி வையுங்கள், ஒருவர் எடுக்காவிட்டால் இன்னொருவர்.

அப்புறம் 108-க்கு அடிக்கும்போது கடற்கரைப் பக்கம் என்று மட்டும் வழி சொல்லாதீர்கள். இந்த மாவட்டத்தில் பாதி ஊர் கடற்கரைப் பக்கம்தான். பக்கத்தில் எந்தப் பள்ளிவாசல், எந்தத் தண்ணீர்த் தொட்டி, ஈ.சி.ஆரிலிருந்து எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு ஆளை டார்ச் லைட்டோடு ரோட்டில் நிறுத்துங்கள்.